சம்பா கண்காட்சியும் மூன்றாவது ஓலையும்

சம்பா என்றால் நெல். எங்கள் பக்கத்தில் கேழ்வரகு தின்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆடி கழிந்து நட்டு, தை மாதத்தில் அறுக்கிற நெல். இதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு ஓர் அர்த்தம் உண்டு என்று ஒரு வெள்ளைக்காரரும் எங்கள் பங்குக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பால் என் நாத்தனாரின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்றதும் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம்தான். ஞானோபதேசப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டப் பழகினேன். இப்போதும் ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகும். ஆகட்டும். வேகமாக எழுதுகிறவர்கள் என்ன எழுதிக் கிழித்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் நல்லம்பள்ளிப் பக்கத்து மேட்டுக்காடு. கேழ்வரகு, சாமை, நிலக்கடலை. கிணற்றடியில் கையகல இடத்தில் மட்டும் நெல் போடுவோம், அதுவும் மழை பெய்தால். நான் கல்யாணமாகி வந்தபோது மாமியார் கிடையாது. என் வீட்டுக்காரரின் தங்கை பாவாடை கட்டத் தெரியாத குழந்தை. அவளைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தது நான்தான். அவள் என்னை அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லி நான் பழக்கவில்லை. உள்ளதை உள்ளபடி கூப்பிட்டால் போதும்.

பெண் கறுப்பு. நல்ல கறுப்பு. உழுது போட்ட கரிசல் மண்ணில் மழை விழுந்தால் ஒரு நிறம் வருமே, அப்படி. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், முறுக்குத் தின்றார்கள், ஊருக்குப் போய் நிறம் கொஞ்சம் மட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சொல்லி அனுப்பிய மாப்பிள்ளைகளில் ஒருவன் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லுக்கு அண்ணன்போல இருந்தான். அவனுக்கு வெள்ளையாகப் பெண் வேண்டுமாம். கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

கடைசியில் ஒரு சம்பந்தம் அமைந்தது. அதியமான்கோட்டைப் பக்கம், ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த குடும்பம். எங்கள் பங்குதான், ஒரே கோயில்தான். மாப்பிள்ளை வாய் திறக்காத ஆள். அவனுக்கும் சேர்த்து அவனுடைய அம்மா பேசினாள். அவள் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவர்கள் வயலில் விளையும் சம்பாவில்தான் வந்து முடியும். பழைய சோற்றில் கூட மணம் வருமாம். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நெல்லுச் சோறு போட்டேன். தட்டைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். கடையில் வாங்கித்தான் போட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். ஏரித் தண்ணீர் ஊரார் தண்ணீர். அது அவள் வயலில் பாய்ந்ததும் அவளுக்குப் பெருமை வந்துவிடுகிறது.

ஆனாலும் நான் பொறுத்துக்கொண்டேன். எங்களில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு, பூசை நடுவில், இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று சாமியார் வாசிப்பார். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது ஓலை வரும் ஞாயிறு, அதற்கு அடுத்த நாள் திங்கட்கிழமை கல்யாணம், புதன்கிழமை சாம்பல் புதன். சாம்பல் பூசிவிட்டால் தவக்காலம். ஈஸ்டர் என்கிற பாஸ்கா முடிகிறவரை கல்யாணம் கிடையாது. இரண்டு ஓலை வாசித்து நின்றுபோன பெண் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அதற்கப்புறம் அவளைப் பார்க்க யார் வருவார்கள்? நிறம் மட்டு என்று சொல்வதற்குக் கூட வரமாட்டார்கள்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் சுவரில் ஒரு நோட்டீஸ். உபதேசியார் கையெழுத்து. பெரிதாக, சம்பா கண்காட்சி, அனைவரும் வருக, வரும் சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழேயும் ஏதோ எழுதியிருந்திருக்கும். ஆடு தின்றுவிட்டது. மைதா மாவுப் பசை தடவி, ஆட்டின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டினால் ஆடு தின்னாமல் என்ன செய்யும்? மிஞ்சியதை நான் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன். சுற்றி நின்ற பெண்கள் கேட்டார்கள், சம்பந்தியும் கேட்டாள். எழுதியிருந்ததை வாசித்தேன், அவ்வளவுதான்.

சம்பந்தியின் முகம் அன்றைக்கு மலர்ந்ததுபோல் மகனுக்குப் பெண் நிச்சயமான அன்றைக்குக் கூட மலரவில்லை. விவசாய இலாகாக்காரர்கள் இதற்கு முன்னால் ஒரு முறை தருமபுரியில் இப்படிக் கண்காட்சி வைத்தபோது நல்ல விளைச்சல் கொண்டு வந்தவருக்குப் பித்தளைக் குடம் கொடுத்தார்களாம். இந்தத் தடவை குடம் தன் வீட்டுக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அந்தக் குடத்தைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் வண்டிகளாக நின்றன. ஏரிப் பாசனத்துக்காரர்கள் எல்லாரும் நெற்கதிரைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மேட்டுக்காட்டுக்காரர்களான நாங்கள், இலாகாக்காரர்கள் விதைநெல் கொடுப்பார்கள் என்று பை கொண்டுவந்திருந்தோம். சம்பந்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னால் மாப்பிள்ளை ஒரு மூட்டை புது நெல்லை வண்டியிலிருந்து இறக்கி முதுகில் சுமந்து வந்தான். நானும் நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் அவர்களோடு உள்ளே போனோம்.

உள்ளே ஒரு நெல்மணி கிடையாது. சுவர் முழுக்கப் படங்கள். மேசைமேல் ஒரு பாட்டுப் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மேளச் சத்தமும், புரியாத பாஷையில் பாட்டும். தாடி வைத்த ஒல்லியான வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். எங்கள் பங்குச் சாமியாரும் வெள்ளைக்காரர்தான், அவருக்குச் சின்ன வயசுச் சிநேகிதராம். பிரேசில் என்கிற தேசத்தில் பல வருஷம் இருந்து அங்கே உள்ள ஒரு பாட்டையும் ஆட்டத்தையும் படமாக வரைந்து, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிறாராம். அந்தப் பாட்டின் பேர் சம்பாவாம்.

அந்த ஆளிடம் நெல்மூட்டையை எங்கே வைப்பது என்று சம்பந்தி கேட்டாள். உபதேசியார் என்னத்தை மொழிபெயர்த்தாரோ, வெள்ளைக்காரர் கண் கலங்கி இரண்டு கையையும் கூப்பினார். தனக்குக் காணிக்கை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். உபதேசியாருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மேசைமேல் தட்டி எல்லாரையும் அமர்த்திவிட்டுச் சொன்னார்.

"இது நெல்லுச் சம்பா இல்லீங்க. பாட்டுச் சம்பா."

அப்புறம் கதவோரம் நின்ற ஒருத்தர், வண்டிக்காரர் போலிருந்தது, சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்.

"அதுக்கென்னங்க ஆயா, மூட்டையப் பிரிச்சுவுடுங்க. நெல்லு ஆடுதா பாக்கலாம்."

மண்டபமே சிரித்தது. கதிர்க்கட்டோடு வந்தவர்கள் தங்கள் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களும் அவளைப்போல ஏமாந்து வந்தவர்கள்தான். ஆனால் மூட்டையாகக் கொண்டுவந்தவள் அவள் ஒருத்தி, பட்டுச்சேலை கட்டி வந்தவளும் அவள் ஒருத்தி. ஏமாந்ததை மறைக்க அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிற ஜனங்களை நான் அன்றைக்கு முழுசாகப் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது. அவளுக்காக என் வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

அவளும் உடனே வெளியே போயிருக்கலாம். போனால் தோற்றதாகிவிடும் என்று, படம் பார்க்கத்தான் வந்தேன் என்பதுபோல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் படத்தின் முன்னால் போய் நின்றாள். அவள் நின்றதால் நாங்களும் நின்றோம்.

முதல் படம் ஒரு மலை. மலை முழுக்கத் தகர வீடுகள், ஒன்றின் தலைமேல் இன்னொன்றாக. எங்கள் வத்தல்மலைக்காரர்கள் வீடு கட்டினால் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஆடு கட்டவாவது இடம் விடுவார்கள். இதை ஒரு அழகு என்று வரைந்து சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அங்கேதான் இந்தப் பாட்டு பிறந்ததாம். அடுத்ததில் மேளக்காரர்கள். ஒருவன் தோளில் பானை வாய் அளவு மேளம், ஒருவன் கையில் நம் கஞ்சிராவைப்போல ஒன்று. இன்னொரு மேளத்துக்குள்ளே குச்சி இருக்குமாம், ஈரத்துணியால் அதைத் தேய்த்தால் மேளம் அழுமாம். உபதேசியார் தானும் அழுது காட்டினார். பங்கில் யாராவது செத்தால் ஜெபம் சொல்ல வருகிறவர், அங்கே ஒரு நாளும் அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ராஜாக்கள். தலையில் கிரீடம், மேலெல்லாம் மினுக்கு. நிஜ ராஜாக்கள் இல்லையாம், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களாம், பாத்திரம் கழுவுகிறவர்களாம். தவக்காலத்துக்கு முன்னால் சில நாள் ராஜா வேஷம் கட்டித் தெருவில் ஆடுவார்களாம். சாம்பல் புதன் அன்று கிரீடத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும் மூட்டை தூக்கப் போவார்களாம். வருஷம் முழுக்கச் சேர்த்ததை அந்தச் சில நாளில் உடுப்புக்கே செலவழிப்பார்களாம். நாங்களும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கறி எடுத்துச் சாப்பிடுகிறவர்கள்தான். அதற்காகக் கோழி இறகைத் தலையில் செருகிக்கொண்டு போவதில்லை.

இன்னொரு படத்தில் வயசான பெண்கள். ஒவ்வொருத்தி பாவாடையும் ஒரு களம் அகலம். அதைச் சுழற்றிக்கொண்டு சுற்றுகிறார்கள். எல்லாருக்கும் பேரன் பேத்தி இருக்குமாம். அவர்கள் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அந்த ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இவர்கள் யார் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முன்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து கரும்புக் காட்டில் அடிமையாக வைத்திருந்த ஜனங்களின் பிள்ளைகள், மேளம் அடித்தால் போலீஸ் பிடித்த காலமும் உண்டு, அப்படி ஒளித்து வைத்துக் காப்பாற்றிய பாட்டு இது என்று வெள்ளைக்காரர் சொல்லி உபதேசியார் சொன்னார். நான் திரும்ப ஒரு சுற்றுப் பார்த்தேன். சங்கிலி போட்ட படம் ஒன்று கூட இல்லை. கரும்பு வெட்டுகிற படமும் இல்லை. ஆடினது மட்டும் இருந்தது. அதுதான் பார்க்க நன்றாக இருக்கும் போலிருக்கிறது. சங்கிலி போட்டவன் நிறத்திலேயே இருக்கிற ஒருத்தர் வந்து, இதோ பார் எப்படி ஆடுகிறார்கள் என்று நமக்குக் காட்டுகிறார். இதற்கு நம் சாமியார் மண்டபம் கொடுக்கிறார். எனக்கு அந்த ஆளிடம் பேசவே பிடிக்கவில்லை.

கடைசிப் படத்தின் முன்னால்தான் சம்பந்தி நின்றுவிட்டாள்.

ஒரு பெண் கொடி பிடித்திருக்கிறாள். ஆட்டக்காரக் கூட்டத்துக்கு முன்னால் கொடியோடு சுற்றி ஆடுகிறவளாம், பெரிய மரியாதையாம் அது. தோளில் துணி இல்லை. கழுத்துக்குக் கீழேயும் கொஞ்ச தூரத்துக்கு இல்லை. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கறுப்பு.

சம்பந்தி படத்தைப் பார்த்தாள், என் நாத்தனாரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் மண்டபத்தில் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுக்குப் பார்க்க வேறொன்று கொடுக்க அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. குரலை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"இதாருங்க இது? உங்க பொண்ணுதானே?"

நான் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை. இந்த வெள்ளைக்காரர் ஒரு வாரமாகச் சாமியார் பங்களாவில்தான் தங்கியிருக்கிறாராம், கோயிலைக் கூட்ட என் நாத்தனார் போய் வருகிறாளாம், கூட்டப் போனவள் இப்படி நின்று தன்னைப் படம் எழுத வைத்திருக்கிறாளாம். எல்லாரும் வந்து பாருங்கள் என்று கை காட்டினாள். எல்லாரும் வந்தார்கள். படத்தைப் பார்ப்பதும் பெண்ணைப் பார்ப்பதுமாக நின்றார்கள். அதே மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தி சொன்னாள். எங்கே அதே மாதிரி? படத்தில் இருந்தவளுக்கு மூக்கு வேறு, நெற்றி வேறு, முடி வேறு. நிறம் மட்டும்தான் ஒன்று.

"கறுப்பா இருந்தா எல்லாம் எங்க வூட்டுப் பொண்ணுங்களா சம்மந்தி? அப்படீன்னா உங்க வூட்டு எருமயும் எங்க சொந்தந்தானுங்க."

இது நான் சொன்னது. இன்றைக்கும் இதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

சம்பந்தி விடவில்லை. உங்கள் பெண் இல்லை என்றால் கோயில் பீடத்துக்கு முன்னால் மெழுகுவத்தி பிடித்துச் சத்தியம் செய்யச் சொல்லுங்கள் என்றாள். செய்யாவிட்டால் நாளைக்கு மூன்றாவது ஓலையில் தடை சொல்வேன் என்றாள். உபதேசியார் வெள்ளைக்காரரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், அவர் ஒன்றும் புரியாமல் புன்னகை செய்துகொண்டிருந்தார். பாட்டுப் பெட்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்போது என் நாத்தனார் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தலையைக் குனியவில்லை. படத்தை மேலும் கீழும் பார்த்தாள். அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அது நான் இல்லீங்க அத்த. எங் கையில யாரு கொடியக் குடுத்தாங்க?"

சொல்லிவிட்டு அந்தப் படத்தில் இருந்தவளைப்போலவே சிரித்தாள். நிறம்தான் ஒன்று என்று சொன்னேனே, அந்தச் சிரிப்பும் ஒன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவள் அப்படிச் சிரித்திருக்க வேண்டாம்.

சம்பந்தி அதற்குமேல் நிற்கவில்லை. மகனை வண்டி பூட்டச் சொல்லிவிட்டு, அவன் வருவதற்குள் யாருடைய வண்டியிலோ ஏறிப் போய்விட்டாள். மாப்பிள்ளை? அவன் தாயையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பும்போதும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான். முதுகில் நெல் உமி ஒட்டியிருந்தது. தாயை ஒரு வார்த்தை அடக்கத் தெரியாத ஆண்பிள்ளைக்கு முதுகு மட்டும் அவ்வளவு அகலம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், போய்க் காலில் விழுந்தாவது பேசிவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்தார். நான் துண்டைப் பிடுங்கிக் கொடியில் போட்டேன். நெல்லுக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மூட்டை தூக்கி வந்தவள், படத்துக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசியவள், அவள் காலில் விழ என் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். சத்தியமும் கிடையாது. செய்யாத காரியத்துக்குச் சத்தியம் செய்தால் செய்திருக்கலாமோ என்று நாலு பேர் யோசிப்பார்கள். சாமிக்கும் அது தெரியும்.

நாத்தனார் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கட்டை பிடித்து நன்றாக அழுத்திக் கிண்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, கிளம்பும்போது அவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். யார் என்றேன். அவர்தான் என்றாள். ஒன்றும் சொல்லவில்லை, மரம்போல நின்றான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் களியை இறக்கினாள். அந்தச் சரியில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் மனசுக்குள் வேறொன்று தீர்மானித்திருந்தேன். நாளைக்கு அவள் தடை சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன். இந்தப் பெண்ணை அந்த வீட்டில் கொடுக்க எங்களுக்குச் சம்மதமில்லை என்று பங்கு முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். கல்யாணம் நிற்பதானால் அவள் நிறுத்தியதாக இருக்கக் கூடாது, நான் நிறுத்தியதாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் மட்டும் வருகிறவர்கள் கூட அன்றைக்கு முன்வரிசையில் இருந்தார்கள். அவ்வளவு பக்தி. பெண்கள் பக்கத்தில் தரையில் நான், எனக்கு ஒட்டி நாத்தனார். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஆண்கள். சம்பந்தி எனக்கு இரண்டு வரிசை முன்னால், அதே பட்டுச்சேலை.

சாமியார் ஓலையை வாசித்தார். அவர் புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். தடை ஏதும் அறிந்தோர் உளரோ என்று கேட்டு முடிப்பதற்குள் சம்பந்தி எழுந்துவிட்டாள்.

இந்தப் பெண் துணியில்லாமல் நின்று தன்னைப் படம் எழுத வைத்தாள் என்றாள். பொய் என்றால் பக்கத்தில்தான் பள்ளிக்கூடம், எல்லாரும் போய்ப் பார்க்கலாம், படம் அங்கேதான் தொங்குகிறது என்றாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அதை நம்பவும் முடியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை. ஓவியம் திருமணத்துக்குத் தடை ஆகாது அம்மா என்று தொடங்கினார். அவருடைய தமிழ் அவ்வளவுக்குத்தான் எட்டியது.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை எழுந்தான். அவன் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்தப் படம் அங்க இல்லீங்க சாமி. எங்க வூட்டுல இருக்குது. நாந்தான் வாங்கியாந்தேன்."

சம்பந்தி திரும்பினாள். எதைக் கொடுத்து வாங்கினாய் என்று கோயில் என்றும் பார்க்காமல் கேட்டாள்.

"நெல்லுதாம்மா. மூட்டையோட."

கோயில் சிரித்த சிரிப்பைச் சாமியார் கையைத் தூக்கி அடக்க வேண்டியிருந்தது. ஒரு மூட்டை சம்பா. குடம் வாங்குகிற நெல். அதைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, தாய் எதைக் காட்டி மானத்தை வாங்கினாளோ அதையே வேறொரு சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துத் தன் வீட்டுக்கே கொண்டுபோயிருக்கிறான். முதல் நாள் அவ்வளவு நேரம் அவன் படத்தின் முன்னால் நின்றது அதற்குத்தான். இனிமேல் அதில் இருப்பது இந்தப் பெண்தான் என்று சம்பந்தி சத்தியம் செய்தாலும், தோளில் துணியில்லாத பெண் அவள் வீட்டுக்குள்தான் இருக்கிறாள். சம்பந்திக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு தடை உண்டோ என்று சாமியார் கேட்டார்.

நான் எழுந்தேன். எழப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முந்தானை வரவில்லை. குனிந்து பார்த்தால், என் முந்தானைமேல் நாத்தனார் முழங்காலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இழுத்தேன். அசையவில்லை. இன்னும் இழுத்திருந்தால் பங்கு முழுக்கப் பார்க்க என் தோளிலும் துணி இருந்திருக்காது. அவள் பீடத்தையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்.

"உக்காருங்க அண்ணி. எனக்கு அவரு போதும்."

உட்கார்ந்தேன். என்ன செய்வது? வளர்த்தவள் பேச்சைவிட, ஒரு மூட்டை நெல்லைக் காகிதத்துக்குக் கொட்டிக் கொடுத்த ஆள் அவளுக்குப் பெரிதாகிவிட்டான். சாமியார் ஓலையை மடித்தார்.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. நான் எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தேன், ஒரு குறை சொல்ல விடவில்லை. அந்த நெல்லை வெள்ளைக்காரர், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி. பிள்ளைகள் பொங்கித் தின்றார்கள். சம்பந்தியின் சம்பா கடைசியில் தின்னப்பட்டது அப்படித்தான். ஆனால் விருந்தில் அவள் வீட்டுச் சோற்றை நான் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

படத்தை மாப்பிள்ளை கூடத்தில் மாட்டினான். தாய் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், அவன் கழற்றவில்லை. பேசாத ஆட்கள் ஒன்றைப் பிடித்தால் அப்படித்தான் பிடிப்பார்கள் போலிருக்கிறது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மகன் சந்தைக்குப் போயிருந்த நாளில், கோயில் தேருக்கு வண்ணம் அடிக்கிறவரைக் கூப்பிட்டு, அந்தக் கொடி பிடித்த பெண்ணுக்கு ஒரு ரவிக்கை போட்டுவிடச் சொன்னாள். அவரும் போட்டுவிட்டார். பச்சை. கோயில் கதவுக்கு அடித்துவிட்டு மிஞ்சிய பெயிண்ட். கழுத்துவரை மூடி, கை முழங்கை வரை வைத்து, பஃப் வேறு. அந்தத் தேசத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குச் சங்கிலி போட்டவர்கள் கூட இப்படி ஒரு ரவிக்கை போட்டிருக்க மாட்டார்கள்.

இது எல்லாம் நடந்து காலம் போய்விட்டது. சம்பந்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெயிண்ட் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெடித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து உரிந்துகொண்டு வருகிறது. நான் போகும்போதெல்லாம் தரையில் பச்சைத் தூள் கிடக்கும். நாத்தனார் அதைக் கூட்டி வாசலில் கொட்டுவாள். திரும்ப அடிக்க ஆள் கூப்பிடேன் என்று ஒரு தடவை சொன்னேன். பார்க்கலாம் அண்ணி என்றாள். அவள் அந்தப் படத்தில் இருக்கிறவளைப்போல இப்போது இல்லை, தலை நரைத்துவிட்டது, பல் இரண்டு போய்விட்டது. ஆனால் பார்க்கலாம் என்று சொல்லும்போது சிரித்தாள். தோள் இப்போது ஒரு பக்கம் முழுக்கத் தெரிகிறது.

போனால் சோறு வடிப்பாள். எனக்குச் சோறு வேண்டாம், களி கிண்டு என்பேன். கிண்டுவாள்.